அமிலமும் காரமும் கூடுங்கால்

இரசாயன நூலை முதன்முதற் கையிலெடுக்கும் மாணவன், அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் உண்டாகும் என்னும் வாக்கியத்தை விரைவில் மனப்பாடஞ் செய்துவிடுகிறான். பின்னர் உப்பின் பெயரைக் கேட்டாற் சொல்வான். நீரைப்பற்றி அவன் நினைப்பதேயில்லை. கரைசல் முழுவதும் நீராயிருக்க, அதில் இன்னுஞ் சிறிது நீர் கூடினால் என்ன என்பது அவன் எண்ணம். ஆனால் அந்நிகழ்ச்சியின் உயிர்நிலை அந்நீரிலேயே உள்ளது. அஃது எவ்வாறென இங்கே ஆராய்வோம்.

அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிதற்கு நம் வீட்டுச் சமையலறையே போதும். மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு சேர, அது சிவப்பதை ஆலாத்தித் தட்டிலே யாவரும் கண்டிருப்பர். அச்சிவந்த நீரில் எலுமிச்சஞ்சாற்றைத் துளித்துளியாக விட்டுவரின் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், சாறு அமிலம், மஞ்சளோ இவற்றைக் காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டி. ராபர்ட் பாயில் என்பார் 1664-ல் வெளியிட்ட நிறங்களைப்பற்றிய நூலில், வயலட் மலரின் பாகு அமிலத்தாற் சிவப்பதையும் காரத்தாற் பச்சையாவதையும் எடுத்துரைத்தார். நம் பாட்டிமார் பாயிலை அறியார். ஆயினும் சோதனை ஒன்றே.

அமிலத்துக்குப் புளிப்பைத் தருவது யாது? பிரெஞ்சு அறிஞர் லவாஸியர் பிராணவாயுவே எனக் கருதி, அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் அதற்கு ஆக்ஸிஜன் என்று பெயரிட்டார். ஹைட்ரோக்ளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் சிறிதும் இல்லை என்பது 1810-ல் ஹம்ப்ரி டேவியின் ஆராய்ச்சியால் விளங்கிற்று. பெயர் மட்டும் பிழையாகவே நிலைத்துவிட்டது. பின்னர் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அர்ரீனியஸ், இத்தகைய பொருள்கள் நீரிற் கரையும்போது மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகின்றன என நாட்டினார். அவருடைய 1884-ஆம் ஆண்டு ஆய்வுரையைத் தேர்வாளர் தாழ்வாகவே மதித்தனர். அக்கொள்கையின் பொருட்டே 1903-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் கூற்றின்படி, அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனியையும், காரம் ஹைட்ராக்ஸைடு அயனியையும் விடும்.

இனி ஓர் அளவைக் காண்போம். 40 கிராம் எரிசோடாவை அரை லிட்டர் கரைசலாக்கி ஆறவைத்து, 36.5 கிராம் ஹைட்ரோக்ளோரிக் அமிலமுள்ள அரை லிட்டர் கரைசலை அதனோடு கலந்தால், 58.5 கிராம் கறியுப்புக்குரிய அயனிகள் கரைசலில் இருக்கும். 18 கிராம் நீர் புதிதாக உண்டாகும். கலவையின் வெப்பநிலை ஏறக்குறைய 13 டிகிரி சென்டிகிரேட் உயரும். வெளிப்படும் வெப்பம் சுமார் 57 கிலோ ஜூல். அமிலத்தை மாற்றி நைட்ரிக் அமிலத்தையும், சோடாவை மாற்றி எரிபொட்டாஷையும் அவற்றிற்குரிய சம எடைகளில் எடுத்தாலோ, உப்பு வேறாகும்; வெப்பம் அதே 57. இஃதென்ன வியப்பு! உப்புண்டாவதே நிகழ்ச்சியாயின், உப்பு மாற வெப்பமும் மாறியிருத்தல் வேண்டுமன்றோ? சோடிய அயனியும் குளோரைடு அயனியும் கலக்குமுன் தனித்தனியே நீந்தின. கலந்தபின்னும் அவ்வாறே நீந்துகின்றன. நீரை வற்றச்செய்தாலன்றி அவை உப்பாக உருப்பெறுவதில்லை. மெய்யாகக் கூடியவை ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்ஸைடு அயனியுமே. அவை கூடிப் பிறந்தது நீர்.

காடியிலுள்ள அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு செய்தால் வெப்பம் சற்றுக் குறையும். அது முழுவதும் பிரியாத மெல்லமிலம். பிரிதற்கும் சிறிது ஆற்றல் செலவாகிறது. எரிசோடாவோடு சமமாகக் கலந்த பின்னும் அக்கரைசல் சிறிது காரத்தன்மையே காட்டும். ஆதலால் இதனை அளப்போர் பினால்ப்தலீனை நிறங்காட்டியாகக் கொள்ளவேண்டும். மெதில் ஆரஞ்சு முன்னரே நிறம் மாறி ஏமாற்றிவிடும். நடுநிலையாக்கம் என்னும் சொல்லை இங்கே எச்சரிக்கையோடு வழங்குதல் நலம்.

மேற்சொன்ன வெப்பம் ஏட்டளவில் நிற்பதன்று. கையிலே செறிந்த அமிலம் பட்டவுடன் காரத்தை ஊற்றி அதனை முறித்துவிடலாமென்று எண்ணும் மாணவர் உளர். சமன்பாடு சரியே; ஆனால் பிறக்கும் வெப்பம் தோலின்மேலன்றோ பிறக்கும்? மேலும், பட்ட அமிலம் எவ்வளவென அளந்தறிய அப்போது இயலாது. மிஞ்சிய காரம் தானும் தோலை அரிக்கும். அமிலம் பட்ட உடையைக் களைந்து, உடனே ஓடும் நீரில் இருபது நிமிஷமேனும் கழுவுதலே தக்கது. கண்ணிற் பட்டாலும் அவ்வாறே தாமதமின்றிக் கழுவி, வைத்தியரிடம் செல்க. மேசைமேற் சிந்திய அமிலமாயின் ஆப்பச்சோடாவைத் தூவலாம். நுரை பொங்கும், மறுபடி தூவியும் நுரை எழாதபோது துடைத்தெடுத்துவிடலாம்.