நீரடியில் ஒரு போர்வை

மக்கள் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் ஆகும். உண்ணும் உணவே உடலினுள் எரிந்து இவ்வெப்பத்தைத் தருகிறது. அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் உயிருக்கு இடர் நேரும். குளிர்நாட்டார் கம்பளி அணிந்து இதனைக் காத்துக்கொள்கின்றனர். கம்பளி சூட்டைத் தருகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கம்பளிக்குத் தனக்கெனச் சூடு ஏதும் இல்லை. உடலில் தோன்றும் சூடு வெளியேறாதவாறு தடுப்பது ஒன்றே அதன் தொழில்.

இதற்குச் சான்று வடசென்னையிலேயே உண்டு. கொருக்குப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. அங்கே நொறுக்கிய பனிக்கட்டியோடு மீன்களைத் தெர்மாகோல் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவர். வெயில் கடுமையாயினும் பனிக்கட்டி விரைவில் உருகுவதில்லை. தெர்மாகோலின் பெரும்பகுதி, அசைய இடமின்றி அடைபட்ட காற்றே ஆகும். அசையாத காற்றின் வழியே வெப்பம் எளிதிற் செல்லாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வணிகர், ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள், வைக்கோல் போன்றவற்றால் சூழ்ந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பியதும் இம்முறையாலேயே ஆகும். அதனைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம் சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. வெளிவெப்பம் உள்ளே புகாமல் மரத்தூள் தடுத்தது. உள்வெப்பம் வெளியே போகாமல் கம்பளி தடுக்கிறது. இரண்டிற்கும் துணை காற்றே.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், குளிரால் நடுங்கியதென எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பர். அவன் அருள் போற்றத்தக்கதே. ஆயினும் இயற்கை மயிலுக்கு முன்னரே ஒரு போர்வையை அளித்துள்ளது. குளிர் மிகும்போது பறவைகள் இறகுகளைச் சிலிர்த்துக்கொள்கின்றன. இறகுகளினிடையே காற்று மிகுதியாகத் தங்கி உடற்சூட்டைக் காக்கிறது.

இனி, நீரின் இயல்பைக் காண்போம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் சிறிதளவு ஆடையோடு மூழ்கினர். வெதுவெதுப்பான கடலாதலாலும், ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே மூழ்கியதாலும் அஃது இயன்றது. அத்தகைய கடலிலும் நெடுநேரம் மிதக்க நேர்ந்தோர் குளிரால் நடுங்குவதுண்டு. தமிழர் பலர் குடியேறி வாழும் கனடாவின் டொராண்டோ நகரம் ஒண்டாரியோ ஏரிக்கரையில் உள்ளது. அவ்வேரியின் ஆழத்தில் கோடையிலும் நீர் 4 பாகை அளவிலேயே இருக்கும். அத்தகைய நீரில் வெற்றுடம்போடு மூழ்குபவனின் விரல்கள் சில நிமிடங்களில் மரத்துப்போகும். வால்வைத் திருகவும் கயிற்றைப் பற்றவும் இயலாமற்போகும். பின்னர் அறிவும் மயங்கும். நீரடியில் இருப்பவனுக்கு இவையே பெருங்கேடு.

இக்கேட்டை நீக்கவே நீர்புகா உடை தோன்றியது. செருமனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் சீபி என்பார், 1830ஆம் ஆண்டுகளில், செப்புத் தலைக்கவசத்தோடு இணைந்த நீர்புகா உடையை உருவாக்கினார். அதனை அணிந்தோர் உள்ளே கம்பளிச் சட்டையும் காலுறையும் பூண்டனர். குளிர் மிக்க இடங்களில் அவற்றை இரட்டித்து அணிந்தனர். இக்கால உடை எடையில் குறைந்தது. ஆயினும் முறை மாறவில்லை. மேலுடை நீரைத் தடுக்கும். குளிரைத் தடுப்பது உள்ளாடையே.

ஆதலின் உள்ளாடையை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும். முதலாவது, மேனியை ஒட்டிய ஆடை பருத்தியாய் இருத்தல் ஆகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். வெப்பநாட்டில் நமக்கு இன்பம் தரும் அப்பண்பே குளிர்நீரில் தீங்காகிறது. மெல்லிய கம்பளியோ, ஈரத்தை வெளியே கடத்தும் பாலியெஸ்டர் துணியோ ஏற்றது. கம்பளி சிறிது நனைந்தாலும் வெம்மையை முற்றும் இழப்பதில்லை.

இரண்டாவது, அதன்மேல் காற்றைத் தாங்கும் தடித்த ஆடை வேண்டும். பிளீஸ் எனப்படும் பஞ்சு போன்ற துணி இதற்குப் பயன்படுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். அடைபட்ட காற்று பாதியளவாகச் சுருங்கும். மூழ்குபவன் வால்வின் வழியே உடைக்குள் காற்றைச் செலுத்தி இதனை ஈடுசெய்வான். எனினும் அவன் நிமிர்ந்து நிற்கும்போது காற்று தோள்களை நோக்கி ஏறும். கால்களிலுள்ள துணி நசுங்கும். ஆதலின் எளிதில் நசுங்காத துணியும், நல்ல காலுறையும் வேண்டும்.

மூன்றாவது, மிகுதியும் குற்றமே. இறுக்கமான ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் இடையே காற்றுக்கு இடமிராது, குருதியோட்டமும் தடைப்படும். கை நீட்டி வால்வை எட்டவும் இயலாது. மிகத் தடித்த ஆடை மிகுந்த காற்றைக் கொண்டு உடலை மேலே மிதக்கச் செய்யும். அதனை அடக்க ஈயக் கட்டிகளை மிகுதியாகக் கட்ட நேரும். கரையில் நெடுநேரம் அணிந்திருந்தாலோ வியர்வையால் உள்ளாடை நனைந்துவிடும். உழைத்துக்கொண்டே இருப்பவனுக்கு வேண்டிய தடிப்பு குறைவு. அசையாமல் நின்று காண்பவனுக்கு வேண்டியது மிகுதி. புதிய உள்ளாடையை ஆழமில்லா நீரில் முதலில் அணிந்து பார்த்தலே அறிவுடைமை.

அழகும் விலையும் நோக்கி ஆடை கொள்வது எளிது. செல்லும் இடத்தின் குளிரையும், செய்யும் தொழிலையும், தன் உடலின் இயல்பையும் அறிந்து கொள்வதே நீரடியில் உயிர் காக்கும்.