நேரலை வீடியோ: குறைந்த செலவில் உரிய வழியைத் தெரிவுசெய்தல்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: இணையமும் இணையச் சேவைகளும்

மாணவர்களே, சந்தர்ப்பம் ஒன்றைத் தந்து “பொருத்தமான வழியைத் தெரிந்து காரணம் தருக” எனக் கேட்கும் வினாக்களுக்குப் பலர் “இலவசம் என்பதால்” என எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது முழுமையான விடையாகாது. செலவு எந்த இடத்தில் கூடுகின்றது என்பதைக் கணித்துக் காட்டிய பின்னரே காரணம் எழுத வேண்டும்.

சந்தர்ப்பம்

யாழ்ப்பாணத்தில் வீடியோ நிலையம் நடத்தும் ஒருவர், 3 மணித்தியாலத் திருமண நிகழ்வை லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினருக்கு நேரலையாகக் காட்ட வேண்டும். பார்க்கும் இணைப்புகள் 200. வீடியோவின் பிற்று வீதம் செக்கனுக்கு 2.5 மெகாபிற்று.

படி 1: மண்டபத்திலிருந்து செல்லும் தரவு

2.5 × 3 × 3600 = 27 000 மெகாபிற்று
8 பிற்று = 1 பைற்று. ஆகவே 27 000 ÷ 8 = 3375 மெகாபைற்று
அதாவது 3.375 கிகாபைற்று (1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க).

படி 2: பார்ப்போருக்குச் செல்லும் தரவு

3.375 × 200 = 675 கிகாபைற்று
ஒரே நேரத்தில் தேவைப்படும் வேகம் 2.5 × 200 = செக்கனுக்கு 500 மெகாபிற்று.

மண்டபத்திலிருந்து ஒரு பிரதி மாத்திரமே பதிவேற்றப்படுகின்றது. அதை 200 ஆகப் பெருக்கி அனுப்புவது சேவையகமாகும். எனவே அந்தப் பெருக்கத்தின் செலவை யார் ஏற்கின்றார் என்பதைப் பொறுத்தே வழியைத் தெரிய வேண்டும்.

வழிகளை ஒப்பிடுதல்

1. சொந்தச் சேவையகம்: முழுக் கட்டுப்பாடும் கிடைக்கும். ஆனால் 675 கிகாபைற்றுக்கான செலவும் பராமரிப்பும் நிலையத்தையே சாரும்.
2. யூரியூப் போன்ற இலவசத் தளம்: பெருக்கத்தைத் தளமே செய்யும். வேகம் குறைந்த இணைப்புகளுக்குத் தரம் குறைந்த வடிவத்தையும் அதுவே தயாரிக்கும். “பட்டியலிடப்படாதது” எனத் தெரிந்தால் தேடலில் வராது. எனினும் இணைப்பு முகவரி கிடைத்த எவரும் பார்க்கலாம். திரைப்பாடல் ஒலித்தால் பதிப்புரிமை காரணமாக நேரலை தடைப்படலாம்.
3. விமியோ போன்ற கட்டணச் சேவை: கடவுச்சொல் இடலாம். கட்டணத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே கூற வேண்டும்.

தீர்மானம்: வாடிக்கையாளர் கடவுச்சொற் பாதுகாப்புக் கேட்காவிடின் 2ஆம் வழியும், கேட்டால் 3ஆம் வழியும் பொருத்தமானவை.

கவனிக்க

• தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றால் அதை மீண்டும் நடத்த முடியாது. எனவே பதிவேற்ற வேகம் பிற்று வீதத்தின் இரு மடங்காவது இருத்தல் நன்று. விருந்தினர் கூடியதும் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பில் நெரிசல் ஏற்படும். வேறு நிறுவனத்தின் இணைப்பொன்றையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.
• யூரியூப்பில் முதன்முறை நேரலை வசதியைப் பெற 24 மணித்தியாலங்கள் வரை செல்லலாம். முதல் நாளுக்கு முன்னரே ஆயத்தம் செய்க.
• கணினியிலிருந்து அனுப்ப ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்ற இலவச மென்பொருள் போதுமானது.
• இங்கு காலை 9.30 ஆகும்போது குளிர்காலத்தில் லண்டனில் அதிகாலை 4.00 மணி. பலர் பின்னரே பார்ப்பர். ஆகவே பதிவைச் சேமித்து வைக்கும் வசதியும் தெரிவில் ஒரு காரணியாகும்.

விடை எழுதும் ஒழுங்கு

தேவை → தரவுக் கணிப்பு → வழிகளின் ஒப்பீடு → தெரிவு → காரணம். தெரிந்த வழியின் குறைபாடு ஒன்றையும் குறிப்பிடுக.

பயிற்சி

கோயில் தேர்த்திருவிழா ஒன்று 2 மணித்தியாலம், செக்கனுக்கு 1.5 மெகாபிற்று வீதம், 100 இணைப்புகளுக்கு நேரலையாகக் காட்டப்படுகின்றது.
(அ) பதிவேற்றப்படும் தரவு யாது?
(ஆ) பார்ப்போருக்குச் செல்லும் மொத்தத் தரவு யாது?
(இ) இந்நிகழ்வைப் பக்தர் எவரும் பார்க்கலாம் எனின், எவ்வழி பொருத்தமானது? இரு காரணங்கள் தருக.

விடை: (அ) 1.35 கிகாபைற்று (ஆ) 135 கிகாபைற்று (இ) இலவசத் தளம். காரணங்களை நீங்களே எழுதிப் பார்க்க.