மலை வீட்டில் ஆங்கிலம்: பெயர்த்தொடரைப் பிடிக்கப் பயனுள்ள குறிப்புகள்

ஜவ்வாது மலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளை, ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் நீளமான வாக்கியத்தில்தான் நின்றுபோகிறது. வாக்கியம் நீள்வதற்குப் பெரும்பாலும் வினைச்சொல் காரணமில்லை. ஒரு பெயரைச் சுற்றிப் பல சொற்கள் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கூட்டத்துக்குப் பள்ளிப் புத்தகத்தில் 'நவுன் ஃப்ரேஸ்' என்று பெயர். நாம் பெயர்த்தொடர் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பிடித்துவிட்ட பிள்ளைக்குப் பாதி ஆங்கிலம் வசமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் குறிப்புகளில் பலவற்றைச் செய்து பார்க்க அம்மா அப்பாவுக்குத் தமிழ் தெரிந்தால் போதும்.

1. முதலில் தலைச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள். 'எ பிக் பேக் ஆஃப் டாமரிண்ட் ஃப்ரம் ஜமுனாமரத்தூர்' என்று புத்தகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையையே அதற்குத் தமிழில் பொருள் சொல்லச் சொல்லிவிட்டு, "பேச்சு எதைப் பற்றி? புளியா, மூட்டையா, ஊரா?" என்று கேளுங்கள். மூட்டைதான் என்று பதில் வரும். ஆகவே 'பேக்' தலைச்சொல். அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போடட்டும். மற்ற எல்லாச் சொற்களும் அந்த மூட்டை எப்படிப்பட்டது, எதன் மூட்டை, எங்கிருந்து வந்தது என்று சொல்ல வந்தவை. இவற்றை அடை என்போம்.

2. தலைச்சொல் நிற்கும் இடம் இரண்டு மொழிக்கும் வேறு. நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பதால் இந்தக் குறிப்புக்கு அதிக நேரம் கொடுங்கள். தமிழில் அடை எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான் வரும்: 'நேற்றுச் சந்தையில் மாமா வாங்கிவந்த மலைத்தேன்'. தேன் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் சிறிய அடைகள் முன்னால் வரும், நீண்ட அடைகள் பின்னால் போகும். 'தி ஹில் ஹனி தட் மை அங்கிள் பாட் அட் தி மார்க்கெட் யெஸ்டர்டே' என்பதில் தேன் மூன்றாவது சொல்லிலேயே வந்துவிட்டது. மாமாவும் சந்தையும் நேற்றும் அதற்குப் பின்னால் வருகின்றன. தமிழ் வகுப்பில் பெயரெச்சம் படித்த பிள்ளைக்கு இதை ஒரே வரியில் விளக்கலாம்: 'வாங்கிவந்த' என்ற பெயரெச்சத்தின் வேலையை ஆங்கிலத்தில் 'தட்', 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் பகுதி பெயருக்குப் பின்னால் நின்று செய்கிறது. வீட்டில் தினமும் புழங்கும் பொருள்களை வைத்தே பழக்குங்கள். 'அடுப்பு மேல் இருக்கிற பானை', 'ஆயா தைத்த பை', 'வாசலில் கட்டியிருக்கிற ஆடு' என்று நீங்கள் சொல்லச் சொல்ல, பிள்ளை பானை, பை, ஆடு ஆகியவற்றை முதலில் எடுத்து, மீதியைப் பின்னால் சேர்த்து ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

3. பின்னால் போன பகுதிக்குள் அதே பொருளை இன்னொரு முறை சொல்ல விடாதீர்கள். 'தி ஹனி விச் ஐ பாட் இட்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 'நான் வாங்கிய தேன்' என்பதில் 'அதை' என்று ஒரு சொல் இல்லை அல்லவா? ஆங்கிலத்திலும் அந்த 'இட்' வேண்டாம்.

4. வினைச்சொல் தலைச்சொல்லோடுதான் ஒத்துப்போக வேண்டும். 'தி ஜாக்ஃப்ரூட்ஸ் ஆன் தட் ட்ரீ ஆர் ரைப்'. இங்கே 'ஆர்' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது ஒற்றை மரம். அதைப் பார்த்துப் பிள்ளை 'இஸ்' போட்டுவிடும். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது சரியில்லை. தமிழில் 'அந்த மரத்துப் பழங்கள் பழுத்துவிட்டன' என்னும்போது தலைச்சொல்லை ஒட்டியே வினை வருகிறது. அந்தப் பழக்கத்தில் கண் பக்கத்துச் சொல்லைப் பார்க்கிறது. பேச்சிலோ ஒரு பழமானாலும் பத்துப் பழமானாலும் 'பழுத்திருச்சு' என்றுதான் சொல்கிறோம், அதனால் ஒருமையா பன்மையா என்று பார்த்து வினை போடும் பழக்கமும் குறைவு. கோடு போட்ட சொல்லைப் பார்த்து வினை எழுதப் பழகினால் இந்தப் பிழை தானாகக் குறையும். நேர்மாறாக ஒன்றும் கொடுத்துப் பாருங்கள்: 'தி பிரைஸ் ஆஃப் தீஸ் பேக்ஸ் இஸ் ஹை'. மூட்டைகள் பல, விலை ஒன்று, ஆகவே 'இஸ்'.

5. தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் 'அவர், அது, அவை' போட்டுப் பார்க்கலாம். 'தி ஓல்ட் வுமன் ஹூ செல்ஸ் கஸ்டர்ட் ஆப்பிள்ஸ் நியர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ் மை கிராண்ட்மதர்' என்ற வாக்கியத்தில் 'ஷீ' எத்தனை சொல்லுக்கு மாற்றாக வருகிறது? 'பஸ் ஸ்டாண்ட்' வரைக்கும் எல்லாம் போய் 'ஷீ இஸ் மை கிராண்ட்மதர்' மிஞ்சுகிறது. அவ்வளவும் ஒரே பெயர்த்தொடர். நீண்ட பாடத்தைப் படிக்கும்போது இந்தச் சோதனை பெரிய துணை.

6. 'என்னோட இந்தப் பை' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'மை திஸ் பேக்' கூடாது. 'எ, தி, திஸ், தட், மை, ஹர்' இவற்றில் ஒன்றுதான் ஒரு பெயருக்கு முன்னால் வரலாம். இரண்டும் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'திஸ் பேக் ஆஃப் மைன்'.

7. எண் வந்தால் பன்மை வேண்டும். ஆனால் எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடையானால் வேண்டாம். 'பத்து மாம்பழம்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'டென் மேங்கோஸ்' என்றுதான் எழுத வேண்டும். அடுத்த படிக்கு நம் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 93 அங்குலக் குறுக்களவு கொண்டது. 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அதற்கும் ஆய்வகத்துக்கும் சூட்டப்பட்டது. அளவை மட்டும் சொன்னால் 'நைன்ட்டி த்ரீ இன்ச்சஸ்'. அதே அளவு தொலைநோக்கிக்கு அடையாக வந்தால் 'எ நைன்ட்டி த்ரீ இன்ச் டெலஸ்கோப்'. பன்மை ஈறு போய்விடும். வயதுக்கும் இப்படித்தான். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 23 வயதில் சிவில் நீதிபதி தேர்வில் வென்றது 2024-ல் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவரைப் பற்றி எழுதினால் 'ஷீ வாஸ் ட்வென்ட்டி த்ரீ இயர்ஸ் ஓல்ட்' சரி. 'எ ட்வென்ட்டி த்ரீ இயர் ஓல்ட் வுமன்' என்பதும் சரி. இரண்டாவதில் 'இயர்ஸ்' என்று போட்டால் பிழை. இந்த இரண்டு உதாரணங்களையும் பிள்ளை மறக்காது. நம் மலையைப் பற்றியவை என்ற பெருமையும் சேர்ந்து வரும்.

8. பல அடைகள் அடுத்தடுத்து வரும்போது ஆங்கிலத்தில் ஒரு வரிசை உண்டு: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதனால் செய்தது, எதற்கு. மனப்பாடம் செய்யச் சொல்லி வதைக்க வேண்டாம். தோசைக்கல்லைக் காட்டி 'எ ஸ்மால் ரவுண்ட் பிளாக் அயர்ன் பேன்' என்று சொல்லிக்கொடுத்தால் போதும். இரும்பு பெயரை ஒட்டியே நிற்கும், அளவு தள்ளி நிற்கும். நமக்கும் 'பெரிய பித்தளைக் குடம்' என்றுதானே வாயில் வருகிறது.

9. தேன், சாமை, புளி, அரிசி, உப்பு ஆகியவற்றை எண்ண முடியாது. ஆகவே பொதுவாக 'எ ஹனி', 'டூ சால்ட்ஸ்' என்று எழுதுவதில்லை. பாட்டில், படி, மூட்டை என்று அளவைத் தலைச்சொல்லாக வையுங்கள்: 'டூ பாட்டில்ஸ் ஆஃப் ஹனி'. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' மூன்றையும் இதே பட்டியலில் சேர்த்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அவற்றுக்கும் பன்மை ஈறு வராது. சாமைக்கு ஆங்கிலத்தில் 'லிட்டில் மில்லட்' என்று பெயர். இந்த 'லிட்டில்' பெயரின் பகுதி. அதனால் 'எ பிக் பேக் ஆஃப் லிட்டில் மில்லட்' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை.

10. பெயர்ப்பலகைகளைப் படிக்க வைக்கலாம். 'கவர்ன்மென்ட் ட்ரைபல் ரெசிடென்ஷியல் ஸ்கூல்', 'வைணு பாப்பு அப்சர்வேட்டரி' போன்ற பெயர்களில் தமிழைப் போலவே தலைச்சொல் கடைசியில் நிற்கிறது. நாளிதழ்த் தலைப்புகளிலும் பெயர்கள் இப்படி அடுக்கி வரும். அவற்றைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால் பொருள் விளங்கும்.

11. மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் 'தி' உண்டு, ஊருக்கு இல்லை: 'தி ஜவ்வாது ஹில்ஸ்', 'தி செய்யாறு', ஆனால் வெறும் 'போளூர்', 'ஆலங்காயம்'.

12. எழுதும் பயிற்சி சிறியதாக இருக்கட்டும். 'ஹனி' என்று ஒரே சொல்லை எழுதி, முன்னால் ஒரு அடை, பின்னால் ஒரு அடை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகட்டும். பிறகு அதே தொடரை ஒரு முறை எழுவாயாகவும் ஒரு முறை செயப்படுபொருளாகவும் வைத்து வாக்கியம் அமைக்கட்டும். பிழை வந்தால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். தலைச்சொல் எது என்று மட்டும் திரும்பக் கேளுங்கள்.

மலையிலிருந்து திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் கல்லூரிகளுக்குப் போய்ப் படிக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்து இந்தக் குறிப்புகளில் இரண்டையாவது சொல்லிக்கொடுங்கள். அதிலும் இரண்டாவதையும் நான்காவதையும் விட்டுவிடாதீர்கள்.