வேகமும் வேண்டும், இரைச்சலும் கூடாது: வீட்டு வேலைக்கு ஒரு சிக்கனக் கணினி



சென்ற கோடையில் ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். வீட்டிலிருந்தபடி மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுபவர். பகலில் சமையலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஓட்டமும் சரியாக இருக்கும். இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கியதும்தான் வேலை. இருப்பதோ ஒரே அறை. பழைய கணினியின் விசிறி இரையும்போதெல்லாம் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. விலை உயர்ந்த கணினி வாங்க வசதி இல்லை. “மலிவான பிராசசர் வாங்கி ஓவர்கிளாக் செய்தால் போதும் என்று தம்பி சொல்கிறான். செய்யலாமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை இங்கே பாடமாகவே தருகிறோம்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

பிராசசர் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 350 கோடித் தாளம். அந்த வகையில் சற்றுப் பலவீனமான சில்லும் தவறில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக, தயாரிப்பாளர்கள் கொஞ்சம் இடம் விட்டே இந்த வேகத்தைக் குறிக்கிறார்கள். அப்படி விட்ட இடத்தை நாம் எடுத்துக்கொள்வதே ஓவர்கிளாக்.

இதில் பேர்போனது 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. மதர்போர்டின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5; இரண்டையும் பெருக்கினால் சுமார் 300. பஸ் வேகத்தை 100 ஆக்கினால் அதே சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ‘மலிவாக வாங்கி உயர்ந்ததாக ஓட்டலாம்’ என்ற பேச்சு ஊன்றிப்போனதற்கு அந்தச் சில்லும் ஒரு காரணம். ஆனால் இன்றைய பிராசசர்கள் பலவற்றில் அந்த மிச்ச இடத்தின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளர்களே பயன்படுத்திவிடுகிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தை இப்போது எதிர்பார்க்கக் கூடாது.

எதை வாங்குவது?

நாம் எடுத்துக்கொண்டது ஏஎம்டி அத்லான் 3000ஜி. 2019இல் வந்தது. இரண்டு கோர், நான்கு திரெட், 3.5 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். கிராஃபிக்ஸும் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். அதன் விலையும் மிச்சம், அதன் விசிறிச் சத்தமும் மிச்சம். முக்கியமாக, இதன் பெருக்கெண் பூட்டப்படாதது. ஆனால் மதர்போர்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஏ320 சிப்செட்டில் ஓவர்கிளாக் வசதி கிடையாது; பி450இல் உண்டு. இதை அறியாமல் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர்.

நாம் செய்த தவறு

இந்தப் பாடத்தை நாம் நஷ்டப்பட்டே கற்றோம். முன்பு அலுவலகக் கணினியில் ஆசைப்பட்டு 3.5ஐ நேராக 4.0 ஆக்கினோம். நிலைத்து நிற்கவில்லை என்றதும் மின்னழுத்தத்தைக் கூட்டினோம். இரண்டு வாரம் ஓடியது. ஒரு மதிய வெயிலில் நீலத்திரை காட்டி நின்றுவிட்டது. கல்வி உதவி விண்ணப்பங்களின் பட்டியல் இருந்த கோப்பு திறக்கவே இல்லை. தாளிலிருந்து எல்லாப் பெயர்களையும் மறுபடி அடித்தோம். குற்றம் பாகத்தில் இல்லை, நம் அவசரத்தில்தான்.

காரணம் எளிய கணக்கு. பிராசசர் வேலை செய்யும்போது எழும் வெப்பம், வேகத்தோடு நேர் விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தத்தோடு வர்க்க விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தத்தைத் தொடாமல் 3.5ஐ 3.8 ஆக்கினால் வேகமும் வெப்பமும் சுமார் 9 சதவீதமே கூடும். 4.0 ஆக்கி, மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால் வேகம் 14 சதவீதம்தான் கூடும். வெப்பமோ சுமார் 38 சதவீதம் கூடிவிடும். 35 வாட் என்பது 48 ஆகும். அந்த வெப்பத்தை வெளியே தள்ள விசிறி வேகமாகச் சுற்றும், குழந்தை விழித்துக்கொள்ளும். ஆகவே அமைதியான கணினி வேண்டுவோருக்கு ஒரே விதி: மின்னழுத்தத்தைக் கூட்டாமல் எவ்வளவு வேகம் கிடைக்கிறதோ, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் எதையும் மாற்றாமல், முழுச் சுமையில் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமைச் சோதித்துவிடுங்கள்.

2. பயாஸில் பெருக்கெண்ணை 35இலிருந்து 36 ஆக்குங்கள், அது 3.6 கிகாஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விட்டால் சில போர்டுகள் தாமாகவே கூட்டிவிடும். முன்பு குறித்த அளவையே கையால் கொடுங்கள்.

3. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அது கணக்குப் போட்டு, தன் விடையைத் தானே சரிபார்க்கும். கணினி நின்றுபோவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. நிற்காமலே தவறான விடை தருவது அதைவிடப் பெரிய ஆபத்து. பிறர் கணக்கை எழுதுபவருக்கு இது நம்பிக்கைப் பிரச்சினை.

4. தவறு வந்த படியிலிருந்து இரண்டு படி கீழே இறங்குங்கள். அங்கே ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள். பிறகு கோடையின் நடுப்பகலில், அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறை சோதியுங்கள். மார்கழிக் குளிரில் தேறியது சித்திரையில் தேறும் என்று சொல்ல முடியாது.

5. கணினி எழும்பவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்புக்குத் திரும்பும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியின் வாரண்டி பொருந்தாது.

சத்தத்தைக் குறைக்க

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். அதில் சுழலும் பாகமே இல்லை. சிறிய விசிறி வேகமாகச் சுற்றித் தள்ளும் காற்றைப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். எனவே 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள கூலரே நல்லது. சாதாரண வெப்பத்தில் விசிறி மெதுவாகவே சுற்றும்படி பயாஸில் அமைக்கலாம். கேபினெட்டை இரும்பு மேசையில் நேராக வைக்காமல், அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். தூசி அடைத்தால் விசிறி இரையத்தான் செய்யும்.

கேபினெட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப வேண்டாம். அதில் மிச்சம் பிடிப்பது வீண். 8 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்காமல் 4 ஜிபி இரண்டாக வாங்கினால், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு உதவியாக இருக்கும்.

அந்தச் சகோதரியின் கணினியை அவருடைய தம்பியும் நாமும் உட்கார்ந்து பொருத்தினோம். 3.9இல் பிரைம்95 தவறு காட்டியது. 3.7இல் வைத்தோம். மூலவேகத்தைவிட 6 சதவீதம்கூட இல்லை. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் பழைய கணினியில் டேலி திறக்கும்வரை தேநீர் போட்டுக்கொண்டு வந்த சகோதரிக்கு, இப்போது அதற்கு நேரமில்லை. அது பெரும்பாலும் எஸ்எஸ்டியும் ரேமும் செய்த வேலை என்பதையும் சொல்லிவிட்டோம். கைக்குழந்தை பக்கத்திலேயே தூங்குகிறதாம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் சகோதரிகளும் மாணவர்களும், வாங்குவதற்கு முன் கடைக்காரர் எழுதித் தந்த விலைப் பட்டியலோடு அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் சும்மா கிடக்கும் டிடிஆர்4 ரேமோ எஸ்எஸ்டியோ இருந்தால் கொடுத்துதவுங்கள், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.