பூச்செண்டு என்று பெயர், பூ மட்டும் குறைவு

கேள்வி: எலுமிச்சையும் மரவாசனையும் கலந்த, ஆண்களுக்கான பழைய பிரிட்டிஷ் வாசனைத் திரவியம் ஒன்றைச் சொல்லுங்களேன்?

பதில்: பென்ஹாலிகன்ஸ் நிறுவனத்தின் 'பிளெனிம் பூக்கே'. 1902-இல் வந்தது. பெயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பிளெனிம் அரண்மனையுடையது. வின்ஸ்டன் சர்ச்சில் 1874-இல் பிறந்த இடம். அவரும் இதைப் பூசிக்கொண்டதாகச் சொல்வார்கள். கடைக்காரர்களுக்குத் தோதான கதை!

நிறுவனர் வில்லியம் பென்ஹாலிகன் லண்டனில் முடிதிருத்துநராக இருந்தவர். 1872-இல் அவர் உருவாக்கிய 'ஹம்மாம் பூக்கே' துருக்கிக் குளியல் கூடத்தின் நினைவில் பிறந்தது. அதில் ரோஜா கமகமக்கும். பிளெனிம் அப்படியே எதிர்த்திசை. பூக்கே என்றால் பூச்செண்டு. இதிலோ லாவெண்டரைத் தவிர வேறு பூவைத் தேடத்தான் வேண்டும்.

முதலில் எலுமிச்சை, சாறு தெறித்ததுபோல் மூக்கைத் தாக்கும். எலுமிச்சை வகை எண்ணெய்களின் மூலக்கூறுகள் இலேசானவை என்பதால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அப்புறம்தான் கறுமிளகின் காரமும் பைன் மரத்தின் வறண்ட வாசமும் தலைகாட்டும். அழகே அந்த இரண்டாம் பாதியில்தான்.

இனிப்பு வாசனைப் பிரியர்களுக்கு இது ஒத்துவராது. நாள் முழுக்க நிற்கவும் நிற்காது. வாங்குமுன் மணிக்கட்டில் தெளித்து, அரை மணி நேரம் உலாவிவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள்.