தலை காக்கும் அட்டை

அட்டை என்றவுடன் கடைச் சாமான் வரும் பெட்டியே நம் நினைவுக்கு வரும். ஆயினும் அதே அட்டை, சைக்கிளில் செல்வோரின் தலையைக் காக்கவும் பயன்படுகின்றது. கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் சைக்கிளில் பெரட்டுக்குச் செல்வோரும், பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

இந்தியரான அனிருத்த சுரபி, இலண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்றபோது, அட்டையாலான உட்பகுதி கொண்ட சைக்கிள் தலைக்கவசத்தை உருவாக்கினார். மரங்கொத்தியின் மண்டை அமைப்பிலிருந்தே இக்கருத்து அவருக்குத் தோன்றியது. அட்டைப் பட்டைகளை ஒன்றோடொன்று கோத்து, தேன்கூடு போன்ற அறைகளாக அமைத்தார். பின்னர் ஜெர்மனியின் அபுஸ் நிறுவனம் இத்தகைய கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கரான இசிஸ் ஷிஃபர், மடித்துப் பையில் வைக்கத்தக்க காகிதக் கவசத்திற்காக ஜேம்ஸ் டைசன் பரிசைப் பெற்றார்.

அட்டை காக்கும் விதம்

மட்டை உரித்த தேங்காய் கல்லில் மோதியதும் உடைகின்றது. மட்டையுடன் கூடிய காயோ, உயர்ந்த மரத்திலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் உடைவதில்லை. மட்டை நசுங்கி, விழும் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பதே காரணம். அட்டை அறைகளும் அவ்வாறே நசுங்கி, மோதலின் விசையைத் தாம் ஏற்கின்றன. தலைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகின்றது.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. பெட்டி அட்டையை வெட்டித் தொப்பிக்குள் வைத்தால் அது கவசமாகாது. முறையான அறை அமைப்பு அதில் இல்லை. பனியிலும் மழையிலும் ஊறி வலுவிழந்துவிடும். சோதிக்கப்பட்டு, தரமுத்திரை பெற்ற கவசத்தையே வாங்குக.

2. நசுங்கிய அறை மீண்டும் நிமிராது. கடைகளில் கிடைக்கும் நுரைக் கவசத்திற்கும் இது பொருந்தும். பலமாக மோதிய கவசத்தில் வெடிப்புத் தெரியாவிடினும், அதனை விலக்கிப் புதியது வாங்குக.

3. கவசம் புருவத்திற்கு இருவிரல் மேலே, நெற்றியை மறைத்து அமைய வேண்டும். தாடை வாரைப் பூட்டாவிடில், விழும்போது கவசம் கழன்றுவிடும்.

4. சைக்கிள் கவசத்தை அணிந்து மோட்டார் சைக்கிளில் செல்லலாகாது. மோட்டார் சைக்கிளோட்டிகள் கவசம் அணிவதை 1973ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. அதற்கெனத் தனித் தரக் கவசம் உண்டு.

சைக்கிளோட்டிகளைச் சட்டம் அவ்வாறு கட்டாயப்படுத்தவில்லை. எனினும் செம்மண் சாலையில் சறுக்கி விழும் தலைக்கு வலி ஒன்றுதான். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் பெற்றோர், தலைக்கவசத்தையும் அதனுடன் சேர்த்தே வாங்குவார்களாக.