வடம் பிடிப்போம், வெக்டர் கற்போம்

ஆயிரமும் ஆயிரமும் சேர்ந்தால் எவ்வளவு? இரண்டாயிரம் என்பீர்கள். அது ஆயிரமாகவும் இருக்கலாம், சுழியாகவும் இருக்கலாம் என்றால் நம்புவீர்களா?

ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள தளவாய்புரம் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தைப்பதற்கு வந்த 20 மீட்டர் துணியோடு 30 மீட்டர் துணியைச் சேர்த்தால் 50 மீட்டர்தான், ஐயமே இல்லை. நீளம், நிறை, காலம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறிப்பிட ஓர் எண்ணும் ஓர் அலகும் போதும். இவை ஸ்கேலர் அளவுகள்.

அதே ஊரில் ஒருவர் ராஜபாளையத்துக்கு வழி கேட்கிறார். தொலைவை மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் எதிர்த்திசையில் போய்விடக்கூடும்! திசையையும் சொல்ல வேண்டும் அல்லவா? இவ்வாறு எண்மதிப்போடு திசையும் உடைய இடப்பெயர்ச்சி, திசைவேகம், விசை போன்றவை வெக்டர் அளவுகள். வெக்டரை அம்புக்குறியிட்ட கோட்டால் காட்டுவோம். கோட்டின் நீளம் எண்மதிப்பைக் குறிக்கும். அம்பு முனை திசையைக் குறிக்கும்.

வெக்டர்களைக் கூட்டுவது எப்படி? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேரின் இரு வடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, ஒவ்வொரு வடத்திலும் 1000 நியூட்டன் விசை செயல்படுவதாகக் கொள்வோம்.

வடங்கள் இணையாக இருந்தால் மொத்த விசை 2000 நியூட்டன். வடங்கள் விலகி, அவற்றின் இடைக்கோணம் 60 பாகை ஆனால் ஏறத்தாழ 1732. 90 பாகையில் 1414. 120 பாகையில் வெறும் 1000. அதாவது, இரு கூட்டத்தார் வியர்வை சிந்தியும் ஒரு கூட்டத்தாரின் பலனே கிடைக்கிறது! நேர் எதிராக இழுத்தால் தேர் அசையவே அசையாது.

இது எப்படி? இரு விசைகளையும் அடுத்தடுத்த பக்கங்களாகக் கொண்டு ஓர் இணைகரம் வரையுங்கள். இரு வடங்களும் சேருமிடத்திலிருந்து செல்லும் மூலைவிட்டமே தொகுபயன் விசை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ நூலில் இவ்விதியை விளக்கியுள்ளார். வெக்டர், ஸ்கேலர் என்னும் பெயர்களை 1840-களில் கணிதத்தில் இன்றைய பொருளுக்கு அடிப்படையாக வழங்கியவர் அயர்லாந்து அறிஞர் ஹாமில்டன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திசை இருப்பதாலேயே ஓர் அளவு வெக்டர் ஆகிவிடாது. கம்பியில் மின்னோட்டத்துக்குத் திசை உண்டு. ஆயினும் 2 ஆம்பியரும் 3 ஆம்பியரும் ஒரு சந்தியில் சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளியேறுவது 5 ஆம்பியரே. இணைகர விதிக்கு உட்படாததால் மின்னோட்டம் ஸ்கேலர்தான்.

இனி நீங்களே செய்து பாருங்கள். 300, 400 நியூட்டன் விசைகள் செங்குத்தாக இழுக்கின்றன. 100 நியூட்டனுக்கு 1 செ.மீ. என்று படம் வரைந்து மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். தொகுபயன் எவ்வளவு? அது எந்த வடத்துக்கு அருகில் அமைகிறது, ஏன்?